காட்பாடி ரெயிலில் போன ஐஸ் பெட்டி!

சென்னை சென்ட்ரலுக்கு எதிரே இருக்கிறது பெரிய ஆஸ்பத்திரி. அதை ஒட்டி மருத்துவக் கல்லூரி. பார்க் ஸ்டேஷனில் மின்சார ரெயிலைப் பிடிக்க ஓடுகிற கூட்டம், காலையும் மாலையும் அந்தக் கட்டிடங்களைத் தாண்டித்தான் ஓடுகிறது. நின்று பார்க்க யாருக்கு நேரம்?

1835-ல் சின்னப் பள்ளியாகத் தொடங்கிய கல்லூரி அது. 1875-லேயே பெண்களைச் சேர்த்துக்கொண்டது. லண்டனில் கூடப் பெண்கள் டாக்டருக்குப் படிக்கத் தடுமாறிக் கொண்டிருந்த காலம்! ஆஸ்பத்திரி வாசலில் சிலையாக நிற்கிற டாக்டர் ரங்காச்சாரி, சொந்தமாக விமானம் வாங்கிப் பறந்து போய் நோயாளிகளைப் பார்த்தவர். 1950-ல் மூளை ஆபரேஷனுக்கு என்று தனிப்பிரிவை இங்கே உண்டாக்கியவர் டாக்டர் பி.ராமமூர்த்தி. இந்தப் பெயர்களை எல்லாம் கல்லூரி ஆண்டு விழாக்களில் சொல்வார்கள். சொல்ல வேண்டியதுதான்.

ஆனால் அதே கல்லூரியில் இன்னொரு வேலை நடந்தது. கத்தி இல்லை, கைதட்டல் இல்லை, கையுறை கூட இல்லை. அந்த வேலை நாட்டையே ஒரு குலுக்குக் குலுக்கியது.

"இங்கே எல்லாம் வராது!"

1981-ல் அமெரிக்காவில் எய்ட்ஸ் நோய் கண்டுபிடிக்கப்பட்டது. நம் நாட்டில் அதைப் பற்றி என்ன பேச்சு? "அது வெள்ளைக்காரன் வியாதி. நம்ம ஊரில் குடும்பம், கட்டுப்பாடு எல்லாம் இருக்கு. இங்கே எல்லாம் வராது" என்பதுதான். டீக்கடையில் மட்டும் அல்ல, படித்தவர்கள் மத்தியிலும் இதே பேச்சு. மும்பையில் நூற்றுக்கணக்கானவர்களின் ரத்தத்தைச் சோதித்தும் ஒன்றும் அகப்படவில்லை. அப்புறம் சென்னையில் மட்டும் எங்கே இருக்கப் போகிறது?

மருத்துவக் கல்லூரியில் நுண்ணுயிர்ப் பிரிவுப் பேராசிரியை டாக்டர் சுனிதி சாலமன் அப்படி நினைக்கவில்லை. "தேடிப் பார்க்காமல் இல்லை என்று சொல்லக் கூடாது" என்பது அவர் கட்சி. 1985-ம் ஆண்டின் கடைசி. அவரிடம் மேல்படிப்பு படித்த மாணவி செல்லப்பன் நிர்மலாவுக்கு ஆய்வுக் கட்டுரை எழுதத் தலைப்பு வேண்டும். "எய்ட்ஸ் இருக்கிறதா என்று தேடு" என்று சொல்லிவிட்டார் பேராசிரியை.

நிர்மலாவுக்கு அப்போது வயது 32. இரண்டு சின்னக் குழந்தைகள். அவரே முதலில் தயங்கினார். இது எதற்கு வேண்டாத வேலை என்றுதான் நினைத்தார். தைரியம் சொன்னவர் அவருடைய கணவர்.

ரத்தம் எடுக்க வேண்டும். யாரிடம்? மும்பை போலச் சென்னையில் "அந்த" வீதி என்று தனியாக ஒன்று கிடையாது. பெரிய ஆஸ்பத்திரிக்குப் பால்வினை நோய்ச் சிகிச்சைக்கு வருகிற பெண்களிடம் நிர்மலா மெல்லப் பேச்சுக் கொடுத்தார். போலீசார் பிடித்து, கோர்ட்டு அனுப்பி வைத்த பெண்கள் தங்கியிருந்த அரசுக் காப்பகம் தெரியவந்தது. அங்கே போகத் தொடங்கினார்.

ஸ்கூட்டர் சவாரி

தினமும் காலையில் கணவர் ஸ்கூட்டரில் கொண்டு போய் விடுவார். ஏன் தெரியுமா? பஸ் காசு மிச்சம்! இருவருமே அப்போதுதான் வேலையில் காலூன்றி வந்த நேரம். கையில் தாராளம் இல்லை. நாட்டின் சுகாதார வரலாற்றில் பெரிய திருப்பம் ஒன்று, பஸ் டிக்கெட் கணக்குப் பார்த்து நடந்திருக்கிறது. மாதக் கடைசியில் பாஸ் எடுக்கக் காசு தேடுகிற குமாஸ்தாவுக்கு இது நன்றாகப் புரியும்.

மூன்று மாதத்தில் 80-க்கும் மேற்பட்டவர்களின் ரத்தம் சேர்ந்தது. வெறுங்கையால் எடுத்தார். பாதுகாப்பு சாதனம் எதுவும் இல்லை. ரத்தத்தைப் பிரித்து வைக்கச் சாமான் வேண்டுமே! பேராசிரியையின் கணவர், இருதய ஆபரேஷன் டாக்டர், சில கருவிகள் கிடைக்க உதவினார். பிரித்ததை வைக்க இடம்? நிர்மலா வீட்டு பிரிட்ஜ்தான்! குழந்தைகளுக்குப் பால் வைக்கிற அதே பெட்டியில், ஒரு மூலையில் அந்தக் குப்பிகள்.

சென்னையில் அதைச் சோதிக்கும் வசதியும் அப்போது இல்லை. வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் இருந்தது. டாக்டர் சுனிதி பேசி ஏற்பாடு செய்தார்.

1986 பிப்ரவரியில் ஒரு நாள் இரவு. கணவனும் மனைவியும் குப்பிகளை ஐஸ் பெட்டியில் அடுக்கிக்கொண்டு காட்பாடிக்கு ரெயில் ஏறினார்கள். அந்தப் பெட்டியில் என்ன இருக்கிறது என்று பக்கத்து சீட்டுக்காரருக்குத் தெரிந்திருந்தால் என்ன ஆகியிருக்கும்! காட்பாடியில் இறங்கி, ஆட்டோ பிடித்து வேலூர் போனார்கள்.

வேலூரில் நுண்ணுயிர் நிபுணர் டாக்டர் ஜேக்கப் ஜான், உதவிக்கு இரண்டு டாக்டர்களை ஒதுக்கினார். காலை எட்டரை மணிக்குச் சோதனை தொடங்கியது. மதியம் கரண்ட் போய்விட்டது. சரி, ஒரு டீ குடித்துவிட்டு வரலாம் என்று போனார்கள். திரும்பி வந்து மூடியைத் திறந்தால்... ஆறு குழிகளில் மஞ்சள் நிறம்!

மஞ்சள் என்றால் நோய்க்கிருமிக்கு அடையாளம் இருக்கிறது என்று பொருள்.

டாக்டர் ஜேக்கப் ஜானை ஓடிப்போய் அழைத்து வந்தார்கள். வெளியே மூச்சு விடக் கூடாது என்று சொல்லி நிர்மலாவை அனுப்பினார்கள். அந்த ஆறு பெண்களிடமும் மறுபடி ரத்தம் எடுத்து, அமெரிக்காவுக்குக் கொண்டுபோய் இன்னும் கடுமையான சோதனை செய்தார்கள். சந்தேகமே இல்லை. எச்.ஐ.வி. இந்தியாவுக்கு வந்துவிட்டது!

சட்டசபையில் சேதி

அந்த மே மாதம் அப்போதைய சுகாதார மந்திரி டாக்டர் எச்.வி.ஹண்டே சட்டசபையில் விஷயத்தை அறிவித்தார். பேராசிரியையும் மாணவியும் பார்வையாளர் மாடத்தில் உட்கார்ந்து கேட்டார்கள்.

பாராட்டு குவிந்ததா? வசைதான் குவிந்தது. சோதனையே தப்பு என்றார்கள் சிலர். வடநாட்டு அம்மா ஒருவர் நம் ஊரைக் கேவலப்படுத்துகிறார் என்றார்கள் சிலர். டாக்டர் சுனிதி மராட்டியக் குடும்பத்துப் பெண். ஆனால் பிறந்தது, டாக்டருக்குப் படித்தது இதே சென்னையில்தான். கெட்ட சேதி சொன்னவரைத் திட்டுவது சுலபம். அந்த அம்மாள் அசரவில்லை.

1993-ல் தன் தந்தையின் பெயரில் ஒய்.ஆர்.ஜி. மையத்தை ஆரம்பித்தார். மற்ற இடங்களில் தொடக்கூடத் தயங்கிய நோயாளிகளை உட்கார வைத்துப் பேசினார். எச்.ஐ.வி. உள்ள ஆணுக்கும் பெண்ணுக்கும் பொருத்தம் பார்த்துக் கல்யாணம் கூட ஏற்பாடு செய்து கொடுத்தார். 2015 ஜூலையில் காலமானார். 2017-ல், மறைவுக்குப் பிறகு, பத்மஸ்ரீ பட்டம். இருக்கும்போது கொடுத்திருந்தால் குறைந்தா போயிருக்கும்?

நிர்மலா 1987-ல் ஆய்வுக் கட்டுரையைக் கொடுத்தார். தேர்வு எழுதினார். கிண்டி கிங் இன்ஸ்டிடியூட்டில் வேலைக்குச் சேர்ந்து, 2010-ல் ஓய்வு பெற்றார். அவ்வளவுதான். ஊரில் பாதிப் பேருக்கு அவர் பெயர் தெரியாது.

சென்னையில் அந்த ஆறு குழி மஞ்சளானதால்தான் அரசாங்கம் விழித்துக்கொண்டது. ரத்த வங்கிகளில் சோதனை வந்தது. 2004 ஏப்ரலில் இலவச மருந்துத் திட்டம் தொடங்கியபோது, முதலில் தேர்ந்தெடுத்த சில இடங்களில் தாம்பரம் ஆஸ்பத்திரியும் ஒன்று. 2021 கணக்குப்படி நாட்டில் சுமார் 24 லட்சம் பேர் எச்.ஐ.வி.யுடன் வாழ்கிறார்கள். மருந்தை ஒழுங்காகச் சாப்பிட்டு வேலைக்குப் போகிறார்கள், பிள்ளைகளைப் படிக்க வைக்கிறார்கள். இன்று மாலை பஸ்சில் பக்கத்தில் நிற்கிறவரும் அப்படி ஒருவராக இருக்கலாம். பயப்பட என்ன இருக்கிறது?

சொல்லாமல் விட்டது

பாராட்டோடு இன்னொன்றையும் சொல்லித்தான் ஆக வேண்டும். காப்பகத்துப் பெண்களிடம் ரத்தம் எடுத்தபோது, எதற்கு எடுக்கிறோம் என்று அவர்களுக்குச் சொல்லவில்லை. நிர்மலாவே இதைப் பின்னாளில் மறைக்காமல் சொல்லியிருக்கிறார். சொன்னாலும் புரிந்திருக்காது, வழக்கமான பால்வினை நோய்ச் சோதனை என்றே அந்தப் பெண்கள் நினைத்தார்கள் என்றார். அந்தக் காலத்தில் அதுதான் நடைமுறை. மாணவி மேல் பழி போடுவது நியாயம் ஆகாது. ஆனால் பூட்டிய கதவுக்குள் இருப்பவள் கையை நீட்டமாட்டேன் என்று எப்படிச் சொல்வாள்?

அதன் பலனை அவர்கள்தான் அனுபவித்தார்கள். கிருமி இருப்பதாகத் தெரிந்த பெண்களை, காலக்கெடு முடிந்த பிறகும் காப்பகத்திலேயே வைத்திருந்தார்கள். வழக்கு ஐகோர்ட்டு வரை போய், 1990-ல்தான் விடுதலைக்கு வழி பிறந்தது. நோய் வந்தது குற்றமா?

இப்போது சட்டம் இருக்கிறது. 2017-ல் இயற்றி, 2018 செப்டம்பரில் அமலுக்கு வந்தது. சம்மதம் இல்லாமல் எச்.ஐ.வி. சோதனை செய்யக் கூடாது. முடிவை வெளியே சொல்லக் கூடாது. நோயைக் காட்டி வேலையை விட்டு நீக்கக் கூடாது. வீடு இல்லை என்று விரட்டக் கூடாது. ஏட்டில் எல்லாம் சரிதான். சோதனைக் கூடத்துக்குப் போக இன்னும் முகத்தை மூடிக்கொண்டு போகிறார்களே, அது ஏன்?

மருத்துவக் கல்லூரிகளில் மேல்படிப்பு மாணவர் ஒவ்வொருவரும் ஆய்வுக் கட்டுரை கொடுத்தாக வேண்டும். சடங்காக எழுதி, பைண்டிங் போட்டு, அலமாரியில் ஏற்றிவிடுவதும் உண்டு. அந்த அலமாரியில் இன்னொரு மஞ்சள் குழி ஒளிந்திருக்காது என்று யார் சொல்ல முடியும்? ஆய்வுக்குப் பணம் கேட்டால் பட்ஜெட்டில் இல்லை என்று கையை விரிக்கக் கூடாது. மாணவர் கைக்குக் கையுறையும், குப்பிக்கு ஆஸ்பத்திரி பிரிட்ஜில் இடமும் கொடுக்க முடியாத அளவுக்கு அரசாங்கம் ஏழை அல்ல. ரத்தம் கொடுக்கிறவர் கையெழுத்துப் போடும் படிவம் நல்ல தமிழில், வீட்டில் பேசுகிற தமிழில் இருக்க வேண்டும். எழுதப் படிக்கத் தெரியாதவருக்கு அதைப் படித்துச் சொல்ல, அவசரப்படாத ஒரு ஆளையும் வார்டில் போட வேண்டும்.