கைப்பேசி இருந்தால் போதுமா?

கல்லூரிக்குப் போகும் பிள்ளையின் கையில் கைப்பேசி இருக்கிறது. அதை வைத்தே, "இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்குத் தெரியாதது எதுவுமில்லை" என்று பெற்றோர் பெருமைப்படுகின்றனர். கல்லூரிகள் பலவும் அப்படியே எண்ணிக்கொண்டு, கற்பிக்கும் பொறுப்பைக் கைகழுவி விடுகின்றன. இந்த எண்ணம் ஏழை மாணவர்களின் படிப்புக்கே உலை வைக்கிறது என்பது நம் கருத்து.

படம் பார்க்கவும் பணம் அனுப்பவும் கைப்பேசி போதும். பல்கலைக்கழகம் கேட்பது வேறு. இருபது பக்கக் கட்டுரையைத் தட்டெழுது என்கிறது. கணக்கை அட்டவணையாக்கு என்கிறது. மின்நூலகத்தில் தேடி எடு என்கிறது. தேடியதில் எது மெய், எது புரட்டு என்று பிரித்தறியவும் வேண்டும். நுழைவாயிலிலேயே கணிப்பொறி நிற்கிறது. மத்தியப் பல்கலைக்கழகங்களின் இளநிலைப் படிப்புகளுக்கு 2022-ல் வந்த பொது நுழைவுத் தேர்வைக் கணிப்பொறி முன் அமர்ந்துதான் எழுத வேண்டியிருந்தது. 2024-ல் சில பாடங்களைத் தாளில் எழுதவிட்டார்கள். 2025-ல் மீண்டும் முழுவதும் கணிப்பொறிக்கே போய்விட்டது. மராட்டியத்தில் அரசு தரும் கல்வி உதவித்தொகைக்கும் இணையதளத்தில்தான் விண்ணப்பிக்க வேண்டும். சான்றிதழைச் சரியாக ஏற்றத் தெரியாத மாணவன் கடைக்காரரிடம் காசு கொடுத்துக் காத்து நிற்கிறான்.

நாட்டின் நிலைமை என்ன? மத்திய அரசின் தேசிய மாதிரி ஆய்வின்படி, 2017-18-ல் நகரக் குடும்பங்களில் 23.4 விழுக்காட்டிலும், கிராமக் குடும்பங்களில் 4.4 விழுக்காட்டிலும் மட்டுமே கணிப்பொறி இருந்தது. பிறகு கைப்பேசி பெருகிய அளவுக்குக் கணிப்பொறி பெருகவில்லை. 2023-ல் 'அசர்' ஆய்வாளர்கள் 28 மாவட்டங்களின் கிராமங்களில் 14 முதல் 18 வயதினரைச் சந்தித்தார்கள். பத்தில் ஏறத்தாழ ஒன்பது பேர் வீட்டில் ஸ்மார்ட்போன் இருந்தது. கணிப்பொறி இருந்ததோ நூற்றுக்கு ஒன்பது வீட்டில்தான். ஸ்மார்ட்போனைக் கையாளத் தெரிந்தவர்களிலும் சொந்தமாக வைத்திருந்தோர் ஆண்களில் 43.7 விழுக்காடு, பெண்களில் 19.8 விழுக்காடு. அந்த வயதினர்தாம் இன்று கல்லூரி வகுப்புகளில் அமர்ந்திருக்கிறார்கள்.

இதில் பிழைப்புத் தேடி வந்த நம்மவர் நிலைமை இன்னும் மோசம். தமிழ்நாட்டு அரசு 2011-ல் விலையில்லா மடிக்கணினித் திட்டத்தைத் தொடங்கியது. அது தமிழ்நாட்டில் படிப்பவர்களுக்கு. மத்திய அரசு 2017-ல், 6 கோடிக் குடும்பங்களில் வீட்டுக்கு ஒருவருக்குப் பயிற்சி என்று ஒரு திட்டம் போட்டது; அது கிராமத்தார்க்கு. 2024 மார்ச்சோடு அதுவும் முடிந்துவிட்டது. தாராவியில் ஒற்றை அறையில் குடியிருக்கும் தமிழ்த் தொழிலாளியின் மகள் எந்தக் கணக்கில் வருவாள்? ஊர்க்கணக்கிலும் இல்லை, நாட்டுக்கணக்கிலும் இல்லை!

"கைப்பேசியிலேயே எல்லாம் செய்துகொள்ளலாமே" என்று சிலர் கேட்பார்கள். அப்படிச் சொல்பவர்கள் தம் பிள்ளைக்கு மடிக்கணினி வாங்கித் தராமல் இருக்கிறார்களா?

நம் கோரிக்கைகள் எளியவை. நம் உழைப்பை வாங்கிக்கொள்ளும் மாநிலம், அங்கேயே படிக்கும் நம் பிள்ளைகளுக்கும் பொறுப்பேற்க வேண்டும். எந்தப் பாடம் எடுத்தாலும் முதலாண்டு மாணவர் அனைவருக்கும் கணிப்பொறிப் பயிற்சியைக் கல்லூரிகள் வகுப்பு நேரத்திலேயே தர வேண்டும். பூட்டிக் கிடக்கும் கணிப்பொறிக் கூடங்களை மாலையிலும் விடுமுறையிலும் திறந்துவிட வேண்டும்.

அரசு அசையும்வரை நாம் கைகட்டி உட்கார்ந்திருக்க வேண்டியதில்லை. நம் சங்கங்களுக்குக் கட்டடம் இருக்கிறது. வார நாட்களில் அது காலியாகவும் இருக்கிறது. ஆண்டு விழாப் பந்தல் செலவில் ஒரு பகுதியை ஒதுக்கினால் நான்கு பழைய கணிப்பொறிகள் வாங்கலாம். வேலை முடிந்து வரும் நம் இளைஞர்களில் கற்றுத்தர ஆள் உண்டு. தமிழில் தட்டெழுதவும் அங்கேயே பழக்கலாம்.

வயிற்றைக் கட்டிப் பிள்ளையைக் கல்லூரி வாசல்வரை கொண்டுவந்து சேர்த்தவர்கள் நம் பெற்றோர்கள். ஒரு விண்ணப்பத்தை நிரப்பத் தெரியாததால் அந்தப் பிள்ளை திரும்பி வரக் கூடாது.