லேப்டாப்பை இணைத்தால் காரின் பவர் கூடுமா? 'இசியு ரீமேப்' ஆசையும் ஆபத்தும்

என்ஜினில் ஒரு ஸ்பேனர்கூட படாமல் காரின் பவரைக் கூட்டித் தருகிறார்கள் ட்யூனர்கள். இதுதான் இசியு ரீமேப்.

எப்படி நடக்கிறது?

எவ்வளவு எரிபொருள், டர்போவில் எவ்வளவு காற்றழுத்தம் என முடிவு செய்வது இசியு எனும் சின்ன கம்ப்யூட்டர். தரமற்ற எரிபொருள், கடும் வெயில், மாசு விதிகளை மனதில் வைத்து, நிறுவனங்கள் என்ஜினின் முழு பலத்தையும் திறந்துவிடுவதில்லை. அந்த இடைவெளியில்தான் ட்யூனர்கள் விளையாடுகிறார்கள். ஓபிடி போர்ட் வழியாகப் புதிய சாஃப்ட்வேர் ஏறும். டர்போ கார்களில் வித்தியாசம் நன்றாகவே தெரியும். மற்றவற்றில் பெரிதாக இருக்காது.

சிக்கல் என்ன?

கூடுதல் அழுத்தமும் வெப்பமும் கிளட்ச், டர்போ, கியர்பாக்ஸைப் பதம் பார்க்கலாம். அப்போது வாரன்டி கைகொடுக்காமல் போகலாம். ஆர்சி விவரங்கள் தயாரிப்பாளர் குறிப்பிட்டதிலிருந்து மாறும்படி வண்டியை மாற்றக் கூடாது என்கிறது மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு. 2019-ல் உச்ச நீதிமன்றமும் இதை உறுதி செய்தது. அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் ரூ.5,000 அபராதம், 6 மாதம் வரை சிறை அல்லது இரண்டும் விதிக்கலாம். இன்சூரன்ஸ் நிறுவனத்திடம் சொல்லாமல் செய்த மாற்றம், விபத்துக்குப் பிறகு க்ளெய்மையும் இழுத்தடிக்கலாம்.

ஆக, இஎம்ஐ முடியாத காரில் கைவைக்கும் முன், வாரன்டி பேப்பரை ஒருமுறை புரட்டிவிடுவது நல்லது.