கலிலியோ தெர்மாமீட்டரும் திருநெல்வேலி வெயிலும்

வெளிநாட்டுச் சொந்தக்காரங்க கொண்டுவர்ற சாமான்கள்ல சாக்லேட், சென்ட்டுக்கு அடுத்தபடியா சில வீடுகள்ல பார்க்கிறது கலிலியோ தெர்மாமீட்டர். உயரமான கண்ணாடிக் குழாய், உள்ளே நிறமில்லாத திரவம், அதுல சிவப்பு, நீலம், பச்சைன்னு கண்ணாடி உருண்டைகள். ஒவ்வொண்ணுலயும் டிகிரி பொறிச்ச ஒரு உலோக வில்லை தொங்கும். பாளையங்கோட்டையில எங்க பெரியம்மா வீட்டு ஷோகேஸ்லயும் ஒண்ணு நிக்குது. உருண்டை அத்தனையும் அடியில படுத்துக் கிடக்கு. "கெட்டுப்போன சாமானைல்லாடே கொண்டாந்து தந்திருக்கான்"னு பெரியம்மா புலம்பாத நாளில்லை.

அது கெடலைங்க. ரொம்பச் சரியா வேலை செய்யுது! வில்லைகள்ல இருக்கிற எண்கள் 18, 20, 22, 24, 26. அங்கே குளிர்ப் பிரதேசத்து வீட்டு ஹாலுக்குச் செஞ்சது. நம்ம ஊர்ல மே மாசம் வெளியே 38 டிகிரி. 26-க்கு மேல போயாச்சுன்னு சொல்ல அதுக்குத் தெரிஞ்ச ஒரே வழி, எல்லாத்தையும் முங்க விடறதுதான். மார்கழி விடியக்காலையில 24, 26 ரெண்டும் மேல வந்தா உண்டு.

உருண்டைக்குள்ள இருக்கிற கலர்த் தண்ணிதான் சூடாகி என்னமோ பண்ணுதுன்னு பலபேர் நினைக்கிறாங்க. அது வெறும் அழகுக்கு. உருண்டையோட எடை மாறாது, பருமனும் மாறாதுன்னே வச்சுக்கலாம். மாறுறது வெளியே இருக்கிற திரவம். அது பெரும்பாலும் பாரபின் வகை எண்ணெய். ஒரு டிகிரி ஏறினா சுமார் ஆயிரத்துல ஒரு பங்கு விரியும், அடர்த்தி அந்த அளவுக்குக் குறையும். தாங்குற சக்தி குறைஞ்சதும் கனமான உருண்டை முதல்ல முங்கும், அப்புறம் அடுத்தது. மேல மிதக்கிறதுல கடைசியா கீழே நிக்கிறதோட எண்தான் வெப்பநிலை. தண்ணியை ஊத்திச் செய்யலாமேன்னா, 30 டிகிரி பக்கத்துல அது பத்தாயிரத்துல மூணு பங்குதான் விரியும். போதாது.

பேர் மட்டும்தான் கலிலியோ. அவர் செஞ்சது காத்து விரியறதை வச்சு வேற ஒரு கருவி. அவர் 1642-ல போயிட்டார். இந்த உருண்டைக் கருவி, ப்ளாரன்ஸ்ல மெடிசி குடும்பம் 1657-ல தொடங்கின சிமெண்டோ அகாடமிக்காரங்க வேலை. மெதுவா வேலை செய்யுதுன்னு அவங்களே இதுக்குச் 'சோம்பேறி'ன்னு பேர் வச்சாங்க. பொருத்தமான பேர். வியாபாரத்துக்கு ஆகாதே :-)

இந்த அறிவியல் நமக்கு ஒண்ணும் புதுசில்லை. தாமிரபரணிப் பாசனத்துல விதைநெல் தேர்ந்தெடுக்கிற முறையைப் பாருங்க. வாளித் தண்ணியில நல்ல முட்டையைப் போட்டா முங்கும். உப்பைக் கரைச்சுக்கிட்டே வந்தா, மேல வந்து நாலணா அளவுக்குத் தலை காட்டும். அப்போ முட்டையை எடுத்துட்டு நெல்லைக் கொட்டணும். மிதக்கிறது பதரு, முங்கினது விதை. எண்ணெய் சூட்டால லேசாகுது, தண்ணி உப்பால கனமாகுது, கணக்கு ஒண்ணுதான். பால்மானியும் இதே கணக்கு. இந்தியத் தர நிர்ணயப்படி செய்யற பால்மானிக்கு 27 டிகிரியில அளவு பிடிச்சிருக்காங்க, சீமைக் குளிருக்கு இல்லை.

அழகுக் கருவிக்கும் அந்த மரியாதையைக் கொடுத்தா என்னங்கறேன்? கொக்கிரகுளத்துல ஆத்தங்கரையிலயே மாவட்ட அறிவியல் மையம் இருக்கு, 1987-லேர்ந்து. 24-ல ஆரம்பிச்சு 40 வரைக்கும் ரெண்டு ரெண்டு டிகிரியா ஒன்பது உருண்டை. ஒரு ஆள் உயரத்துக்குக் குழாய் செஞ்சு வாசல் நிழல்ல நிறுத்தலாம். காலையில வர்ற பள்ளிக்கூடப் பிள்ளைங்க மதியம் திரும்பறதுக்குள்ள நாலஞ்சு உருண்டை முங்கியிருக்கும். பக்கத்துல ஒரு வாளி, உப்பு, முட்டை.

அதுவரைக்கும் ஊருக்கு வாங்கிட்டு வர்றவங்க வில்லையில கடைசி எண்ணைப் பார்த்து வாங்குங்க. 64-லேர்ந்து 80 வரைன்னு போட்டிருந்தா ஏமாறாதீங்க. அது பாரன்ஹீட். 80-ன்னா நம்ம கணக்குல 27-கூட வராது.