வயலும் வேணுமாம், மாடியும் வேண்டாமாம்!

நாகர்கோவிலில் ஐம்பது வயதைத் தாண்டிய யாரிடம் வேண்டுமானாலும் பேச்சுக் கொடுத்துப் பாருங்கள். "அந்தக் காலத்துல பஸ்ல வந்தா ரெண்டு பக்கமும் வயலுதான். இப்ப எங்க பார்த்தாலும் பிளாட்டு போட்டுட்டானுவ" என்று ஒரு பெருமூச்சு கண்டிப்பாக வரும். அதே அண்ணாச்சியின் தெருவில் ஒரு காலிமனையில் நாலு மாடிக்கு அஸ்திவாரம் தோண்டட்டும்.. அடுத்த திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸ் குறைதீர் கூட்டத்தில் மனு ரெடி! தண்ணீர் பத்தாது, சாக்கடை நிரம்பும், தெருவின் அமைதி கெடும். கட்டப் போவது ஏழைகளுக்கான வீடு என்றால் மனுவில் கையெழுத்து இரண்டு மடங்கு.

இந்த இரண்டு ஆசையும் சேர்ந்து நடக்கவே நடக்காது. மாடி வேண்டாம் என்று போடுகிற ஒவ்வொரு கையெழுத்தும், எங்கோ ஒரு வயலில் மண் அடிக்க வருகிற டிப்பர் லாரிக்குக் கொடுக்கிற அனுமதிச் சீட்டு.

எப்படி என்கிறீர்களா? கணக்கைப் பார்க்கலாம்.

2011 சென்சஸ்படி கன்னியாகுமரி மாவட்டத்தில் சுமார் 18.7 லட்சம் பேர். சதுர கிலோமீட்டருக்கு 1,111 பேர். தமிழ்நாட்டின் சராசரி 555தான். சென்னைக்கு அடுத்தபடியாக மாநிலத்திலேயே நெரிசலான மாவட்டம் இதுதான். ஒரு பக்கம் மலை, இன்னொரு பக்கம் கடல், மிச்சம் இருப்பதில் தென்னந்தோப்பு, ரப்பர், குளம், வயல். நெல் வயல் என்று சொல்லிக்கொள்ள இப்போது மிஞ்சியிருப்பது சுமார் 6,500 ஹெக்டேர். நாஞ்சில் நாட்டை ஒரு காலத்தில் திருவிதாங்கூரின் நெற்களஞ்சியம் என்றார்கள். இப்போது கன்னிப்பூ, கும்பப்பூ என்று சொன்னால் காலேஜ் பசங்களில் பாதிப்பேர் அது ஏதோ சினிமா ஹீரோயின் பெயர் என்று நினைப்பார்கள்.

இப்போது 500 ஏழைக் குடும்பங்களுக்கு வீடு வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். ஆளுக்கு மூணு செண்ட் (ஒரு செண்ட் என்பது 435.6 சதுர அடி) என்று தனித்தனி வீடாகக் கொடுத்தால் 1,500 செண்ட், அதாவது 15 ஏக்கர். பாதை, ஓடை எல்லாம் விட்டால் எப்படியும் 20 ஏக்கர் போய்விடும். அவ்வளவு நிலம் ஊருக்குள் எங்கே இருக்கிறது? வயலில்தான் இருக்கிறது.

அதே 500 வீட்டை மாடியாகக் கட்டினால்? படிக்கட்டு, நடை எல்லாம் சேர்த்து வீட்டுக்கு 500 சதுர அடி என்றால் மொத்தம் 2.5 லட்சம் சதுர அடி. தமிழ்நாட்டின் 2019 கட்டட விதிகளின்படி 18.3 மீட்டர் உயரத்துக்கு உட்பட்ட சாதாரணக் கட்டடத்துக்கு நிலத்தின் பரப்பைப் போல இரண்டு மடங்கு கட்டலாம். நிலத்தில் பாதியில் நாலு தளம் கட்டி, மீதிப் பாதியைச் சும்மா விட்டாலே இந்தக் கணக்கு வந்துவிடும். தேவைப்படுவது சுமார் 2.9 ஏக்கர். பிள்ளைகள் விளையாட இடம், ரோடு எல்லாம் சேர்த்து தாராளமாக 4 ஏக்கர் என்றே வையுங்கள். மிச்சமாவது 16 ஏக்கர்! பிளஸ் டூ அக்கவுண்டன்சி கூட வேண்டாம், ஐந்தாம் கிளாஸ் கணக்கு போதும்.

"அதெல்லாம் சரிதான், ஆனா நெருக்கிக் கட்டுறது நம்ம ஊரு கலாச்சாரம் இல்லையே" என்பவர்கள் ஒரு நடை வடிவீஸ்வரத்துக்கோ சுசீந்திரத்துக்கோ போய்வரலாம். பழைய தெருக்களில் வீடும் வீடும் ஒட்டி நிற்கும். இந்த வீட்டுச் சுவர்தான் அந்த வீட்டுக்கும் சுவர். வயல் சூழ்ந்த பழைய நாஞ்சில் கிராமங்கள் பெரும்பாலும் இப்படித்தான். சோறு போடுகிற வயலில் யாரும் வீடு கட்டவில்லை, ஊரைச் சுருக்கிக்கொண்டார்கள். மதில் சுவரும் போர்ட்டிகோவும் வைத்த பத்து செண்ட் பங்களாதான் புதுப் பழக்கம். அதுவும் பல இடங்களில் பிள்ளைகள் வளைகுடாவிலும் பெங்களூரிலும் இருக்க, நாலு பெட்ரூமில் இரண்டு கிழங்கள் மட்டும். அந்தப் பிள்ளைகள் அங்கே எதில் இருக்கிறார்கள்? பத்தாவது மாடி பிளாட்டில்! அங்கே கெடாத கலாச்சாரம் இங்கே நாலாவது மாடியில் கெட்டுவிடுமாம்.

சரி, மனுவில் எழுதுகிற காரணங்களுக்கு வரலாம்.

தண்ணீர் பத்தாது என்கிறார்கள். 500 குடும்பம் 20 ஏக்கரில் பரந்து கிடந்தாலும், 4 ஏக்கரில் மாடியில் இருந்தாலும் குடிப்பது அதே தண்ணீர்தான். பரந்து கிடந்தால் குழாய் நீளம், கசிவு அதிகம், வீட்டுக்கு வீடு போர் வேறு. சாக்கடையும் அப்படியே. தனி வீடுகளின் கழிவு ஓடை ஓடையாகப் போய்க் கடைசியில் பழையாற்றில்தான் விழுகிறது. 500 வீடும் ஒரே இடத்தில் இருந்தால் ஒரே சுத்திகரிப்பு நிலையம் போதும்.

சொத்து மதிப்பு குறையும் என்கிறார்கள். இதுதான் கொஞ்சம் நேர்மையான காரணம். ஆனால் அதன் அர்த்தம் என்ன? வீடு வேண்டியவர்கள் கூடிக்கொண்டே போக, புது வீட்டைக் கட்டவிடாமல் தடுத்தால் விலை ஏறும். ஏற்கெனவே மனை வைத்திருப்பவர் ஒரு வேலையும் செய்யாமல் பணக்காரர் ஆவார். அந்தப் பணம் வாடகையாக யார் பாக்கெட்டில் இருந்து வருகிறது? செட்டிகுளத்து ஜவுளிக்கடையில் நாள் முழுக்க நிற்கிற பெண்ணும், ஆஸ்பத்திரி ஆயாவும், விடிவதற்கு முன்னால் தெருவைக் கூட்டுகிறவரும் கொடுக்கிறது. நியூசிலாந்தின் ஆக்லாந்து நகரம் 2016இல் குடியிருப்பு நிலத்தில் ஏறத்தாழ முக்கால் பங்கில் கூடுதல் வீடுகள் கட்ட அனுமதித்தது. அடுத்த சில ஆண்டுகளில் புது வீடுகளுக்கான அனுமதி மளமளவென்று கூடியது. ஆக்லாந்து அழிந்துபோய்விடவில்லை.

மனுவில் எழுதாத காரணம் ஒன்று இருக்கிறது. டீக்கடையில் மட்டும்தான் அது வெளியே வரும். "எந்த மாதிரி ஆளுவ வருவாவன்னு தெரியாதுல்லா?"

விஷயமே இதுதான். அந்தப் பழைய ஒட்டுச்சுவர் தெருக்களில் நெருக்கம் யாருக்கும் உறுத்தவில்லை, ஏனென்றால் சுவருக்கு அந்தப் பக்கம் இருந்தவரும் அதே சாதி. மற்றவர்களுக்கு ஊருக்கு வெளியே இடம். அதற்கு 'காலனி' என்று பெயர். ஆபீசர்கள் இருந்தால் அதே வார்த்தை கௌரவம், தலித்துகள் இருந்தால் வசவு. அந்தச் சொல்லை அரசு ஆவணங்களில் இருந்து நீக்கப் போவதாக 2025 ஏப்ரலில்தான் முதல்வர் ஸ்டாலின் சட்டமன்றத்தில் அறிவித்தார். காகிதத்தில் எடுத்துவிடலாம், மனசில்?

குமரிக்கு மதமும் சேர்ந்த பிரச்சினை. 1982இல் மண்டைக்காட்டில் துப்பாக்கிச்சூடும் கலவரமும் நடந்து, நீதிபதி வேணுகோபால் கமிஷன் போடுகிற அளவுக்குப் போனது. அந்தக் காயம் இன்னும் முழுசாக ஆறவில்லை. 2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பிறகு, கடலில் இருந்து 200 மீட்டர் தள்ளிப் புது வீடு, கிராமத்தில் 3 செண்ட், நகரத்தில் ஒன்றரை செண்ட் என்று 2005 மார்ச்சில் அரசாணை வந்தது. இத்தனை நெரிசலான மாவட்டத்தில் அந்த நிலத்தைத் தேடுவதே பெரும்பாடு. 'கடப்புறத்து ஆளு' என்று ஒதுக்கிப் பேசுகிற வாய் பக்கத்தில் இடம் கொடுக்குமா?

குமரி மட்டும்தான் இப்படி என்று நினைக்க வேண்டாம். குஜராத்தின் வதோதராவில் முதலமைச்சர் வீட்டு வசதித் திட்டத்தில் 462 வீடுகள் கொண்ட குடியிருப்பில் 2017இல் ஒரு முஸ்லிம் பெண்ணுக்கு வீடு ஒதுக்கினார்கள். அந்த ஒரே ஒரு முஸ்லிம் குடும்பமும் வேண்டாம் என்று அங்கே குடியிருப்பவர்கள் போராடியது 2024இல் நாடு முழுக்கச் செய்தியானது. அந்தக் குடியிருப்பில் சாக்கடையோ தண்ணீரோ பிரச்சினை இல்லை. கட்டடம் கட்டி முடிந்த பிறகும் எதிர்ப்பு வருகிறது என்றால் எதிர்ப்பு கட்டடத்துக்கு அல்ல, ஆளுக்கு.

எதிர்ப்பவர்கள் ஜெயித்தால் ஏழைகள் மறைந்துபோக மாட்டார்கள். தூரமாகப் போவார்கள். சென்னையில் ஆற்றங்கரைகளில் இருந்தவர்களைக் கண்ணகி நகருக்கும் பெரும்பாக்கத்துக்கும் கொண்டுபோய் இறக்கினார்கள். வேலை ஒரு பக்கம், பள்ளிக்கூடம் ஒரு பக்கம், வீடு ஒரு பக்கம். இங்கேயும் அஞ்சுகிராமம் பக்கம் பால்குளத்தில்தான் வாரியத்தின் அடுக்குமாடி. நாகர்கோவிலில் கூலி வேலை பார்க்கிறவர் தினமும் பஸ் ஏறி இறங்க வேண்டியதுதான்.

எதிர்ப்பில் நியாயமே இல்லையா என்றால், ஒன்று இருக்கிறது. ஏழைக்குக் கட்டுகிற வீட்டைக் கவர்ன்மென்ட் ஏனோதானோ என்று கட்டுகிறது. 2021 ஆகஸ்டில் சென்னை புளியந்தோப்பு கே.பி. பார்க்கில் புத்தம் புதுக் கட்டடத்தின் பூச்சு கையால் தொட்டாலே உதிர்ந்ததை டிவியில் எல்லோரும் பார்த்தார்கள். அதே வருடம் டிசம்பர் 27 அன்று திருவொற்றியூர் அரிவாக்குளத்தில் 24 வீடுகள் இருந்த பழைய பிளாக் சரிந்தே விழுந்தது. முன்னாடியே ஆட்கள் வெளியேறியதால் உயிர்ச்சேதம் இல்லை. ஆனால் இதற்கு மனு எழுதுகிறவர் என்ன எழுத வேண்டும்? நல்ல சிமெண்டு போடு, லிஃப்ட் வை, சாக்கடைக்கு வழி செய்துவிட்டுக் கட்டு என்று. "எங்க தெருவுல வேண்டாம்" என்றா?

சேர்ந்து வாழவைக்க அரசால் முடியாது என்பதும் பொய். சிங்கப்பூரில் ஏறத்தாழ 80 சதவீதம் பேர் அரசு கட்டிய அடுக்குமாடியில்தான் இருக்கிறார்கள். 1989 முதல் ஒவ்வொரு பிளாக்கிலும் சீனர், மலாய், இந்தியர் இத்தனை சதவீதம் வரைதான் என்று உச்சவரம்பு உண்டு. அவ்வளவு தூரம் போவானேன்? 1997இல் கருணாநிதி அரசு அறிவித்த சமத்துவபுரம் இருக்கிறதே! நூறு வீட்டில் 40 தலித்துகளுக்கு, 25 பிற்படுத்தப்பட்டவர்களுக்கு, 25 மிகவும் பிற்படுத்தப்பட்டவர்களுக்கு, 10 மற்றவர்களுக்கு. அதன் குறைகள் ஆயிரம் இருக்கலாம். ஆனால் அந்த வரிசையில் வீடு ஒதுக்க முடியும் என்று தெரிந்துவிட்டது. அதையே ஊருக்கு வெளியே பொட்டலில் வைக்காமல், நாகர்கோவில் மாநகராட்சிக்குள் பஸ் ஸ்டாண்டுக்கும் ஆஸ்பத்திரிக்கும் நடந்து போகிற தூரத்தில் நாலு மாடியாகக் கட்டினால் என்ன?

அடுத்த திங்கட்கிழமை மனுவோடு கிளம்புகிற அண்ணாச்சிமாருக்கு ஒரே ஒரு வேண்டுகோள். அந்த மனுவில் இன்னொரு வரியும் சேர்த்துக்கொள்ளுங்கள்: "இந்த 500 குடும்பத்துக்காக இன்ன ஊர் வயலில் 20 ஏக்கரை மண் போட்டு மூட எங்களுக்குப் பூரண சம்மதம்." வயல் பெயரையும் எழுதிவிட்டு, அதற்குக் கீழே கையெழுத்துப் போடுங்கள்.