கீழ் படுக்கைக்குக் கூடுதல் கட்டணம்



மலேசியாவில் உறவினர் வீட்டுக்குப் போகிறவர்கள், பாங்காக்கையும் பார்த்துவர விமானத்தைத்தான் தேடுகிறார்கள். எல்லை ஊரான பாடாங் பெசாரில் மாலை ஏறினால் தாய்லாந்து ரயில் மறுநாள் காலை பாங்காக்கில் இறக்கிவிடும். ஓர் இரவு விடுதி வாடகை மிச்சம். இரு நாட்டுக் குடியேற்றச் சோதனையும் அந்த நிலையத்திலேயே முடியும்.

குடும்பத்தோடு முன்பதிவு செய்பவர்கள் கவனிக்க: நம் ரயிலில் ஒரே வகுப்பில் எல்லாப் படுக்கைக்கும் ஒரே கட்டணம். அங்கே இரண்டாம் வகுப்பில் நடுப் படுக்கை கிடையாது. கீழ் படுக்கை அகலம், கட்டணமும் கூடுதல். பணியாளரே எதிரெதிர் இருக்கைகளைச் சேர்த்து மெத்தை விரித்துத் தருவார். கைக்குழந்தைக்காரர்கள் காசு பார்க்காமல் கீழ் படுக்கையே எடுக்கலாம். டிக்கெட்டில் இருப்பது தாய்லாந்து நேரம். அது மலேசிய நேரத்தைவிட ஒரு மணி நேரம் பின்தங்கியது.

– வாசகர், அகரம், திண்டுக்கல் மாவட்டம்