செவிலிக்குக் கூற்று இல்லாத வீடு

பச்சிளங்குழந்தையைப் பிறர் கையில் ஒப்படைக்கும் தாயின் அச்சத்தை முதலாக்கிப் பிழைக்கும் கதைகள் மேலைநாடுகளில் ஒரு தனி வகையாகவே வளர்ந்துவிட்டன. அவற்றுள் பெரும்பாலானவற்றை ஒரே மூச்சில் வாசித்து முடிக்கிறோம். மறுநாளே மறந்தும் விடுகிறோம். லைலா ஸ்லிமானியின் 'ஷான்ஸோன் தூஸ்' அவ்வாறு மறக்கக்கூடியதன்று. ஸ்லிமானி 1981இல் மொராக்கோவின் ரபாத் நகரில் பிறந்தவர், பிரெஞ்சு மொழியில் எழுதுபவர். 2016இல் வெளிவந்த இந்நாவல் அவ்வாண்டே கோன்கூர் விருதையும் பெற்றது. விருதை முன்னிட்டு இங்கே அதைப் பேச வரவில்லை. தகாதவளை நம்பிக் கெட்ட குடும்பத்தின் கதை என்றே பலரும் இதனை வகைப்படுத்துகின்றனர். கெடுவதற்கு அங்கே நம்பிக்கை என்று ஒன்று இருந்ததா என்பதே நம் ஐயம்.

கொலை முதற்பக்கத்திலேயே நிகழ்ந்து முடிந்துவிடுகிறது. மிலா, ஆதம் என்னும் இரு குழந்தைகளையும் கொன்றவள் அவர்களைப் பேணி வளர்த்த ஆயா லூயிஸ். இனி 'யார்' என்ற கேள்விக்கே இடமில்லை. 2012இல் நியூயார்க்கில் நடந்த இத்தகைய கொலையொன்று ஆசிரியரைத் தூண்டியிருக்கிறது. எனினும் கதை பாரிஸின் ஒரு சிறிய அடுக்ககத்தில்தான் நிகழ்கிறது.

தாய் மிரியம் சட்டம் படித்தவள். இரண்டாம் குழந்தைக்குப்பின் வீடு அவளை மெல்ல நெரிக்கத் தொடங்குகிறது. கடைக்குச் செல்கையில் தேவையற்ற சிறு பொருள்களைக் குழந்தையின் தள்ளுவண்டியில் ஒளித்து எடுத்துவருகிறாள். புதுத்தாய்மையின் மூச்சுத்திணறலைச் சொல்ல இதனினும் நுட்பமான செய்தியை அண்மையில் நாம் வாசித்ததில்லை. அவள் பணிக்குத் திரும்ப விரும்பும்போது கணவன் போடும் கணக்கு ஒன்று உண்டு: உன் ஊதியமும் ஆயாவின் ஊதியமும் ஏறத்தாழச் சமமாகிவிடும். அந்தக் கணக்கில் அவனுடைய ஊதியம் வருவதே இல்லை! வேலைக்குப் போன தாய்க்குக் கிடைத்த தண்டனையாக இந்நாவலை வாசிப்போர் இவ்விடத்தில் சற்று நிற்பது நல்லது.

மிரியம் வட ஆப்பிரிக்கக் குடிவழியினள். ஆயினும் தன்னைப் போன்ற ஒருத்தியை ஆயாவாக அமர்த்த அவள் விரும்பவில்லை. தன் மொழியில் பேசி உறவு கொண்டாடிவிடுவாளோ என்று அஞ்சுகிறாள். அதாவது, வீட்டுக்குள் வருபவள் நெருங்காதவளாக இருக்க வேண்டும். வெள்ளைக்காரியான லூயிஸ் இதற்குப் பொருந்திவிடுகிறாள். முன்பு பணிசெய்த வீட்டாரிடம் தொலைபேசியில் நற்சான்றும் கிடைத்துவிடுகிறது. அதன்பின் எவரும் அவளிடம் எதுவும் கேட்பதில்லை. சமைக்கிறாள், துவைக்கிறாள், தைக்கிறாள். விருந்துக்கு வந்த நண்பர்கள் பொறாமைப்படுகிறார்கள். கிரேக்கத் தீவுக்கு விடுமுறையில் அழைத்துச் செல்கிறார்கள். அவளுக்கு நீந்தத் தெரியாது என்பதே அங்குதான் தெரியவருகிறது. இறந்த கணவன் விட்டுச்சென்ற கடன், புறநகர் க்ரெத்தேயில் ஒற்றை அறை, சொல்லாமல் போய்விட்ட சொந்த மகள் ஸ்தெஃபானி ஆகியவற்றை வாசகர் அறிவர், வீட்டார் அறியார். அவளுடைய வரிபாக்கி குறித்து அரசிடமிருந்து கடிதம் வந்தபோது அவர்களுக்கு எழுவது எரிச்சல். தங்கள் வீட்டுக்குள் பிறருடைய வறுமை கடிதமாக நுழைந்துவிட்ட எரிச்சல்.

நம் அகப்பாடல்களில் நற்றாயும் உண்டு, செவிலித்தாயும் உண்டு. செவிலியின் மகளே தலைவிக்குத் தோழி. தலைவி உடன்போக்கில் சென்றபின் பாலைவழியே தேடிச் செல்பவளும் செவிலிதான். அவளுக்கெனக் கூற்று உண்டு. அவள் துயரைப் பாட ஒரு மரபே உண்டு. பண்டைய வாழ்வு அனைத்தும் சிறந்தது என்று சொல்வதற்காக இதனைக் குறிப்பிடவில்லை. (செவிலியின் கூலியைப் பற்றி எந்தப் புலவரும் பாடியதாகத் தெரியவில்லை.) ஆயினும் குழந்தையை வளர்த்தவள் வாய்திறக்க அக்கவிதையில் ஓர் இடம் இருந்தது. லூயிஸுக்கு அந்த வீட்டில் அவ்விடம் இல்லை. அவளையும் அவள் மகளையும் பேச வைப்பது நாவலாசிரியர் மட்டுமே.

பேச இடமில்லாதவள் வேறு வழியில் பேசுகிறாள். காலம் கடந்துவிட்டதென்று மிரியம் குப்பையில் எறிந்த கோழியை எடுத்துக் குழந்தைகளுக்கு ஊட்டிவிட்டு, ஒரு துணுக்குச் சதையும் ஒட்டாத எலும்புக்கூட்டைக் கழுவி மேசைமேல் வைத்துவிட்டுப் போகிறாள். இந்த எலும்புக்கூட்டைவிட அச்சமூட்டும் காட்சி நாவலில் வேறில்லை. கொலைகூட இவ்வளவு நடுக்கம் தருவதில்லை. மிரியமுக்கு அது தனக்கான செய்தி என்று புரிகிறது. புரிந்தும் அவள் ஒன்றும் கேட்பதில்லை, ஏனெனில் மறுநாள் அலுவலகம் செல்ல வேண்டும். நாம் மேலே எழுப்பிய ஐயத்திற்கு இதுவே ஆதாரம். அவர்கள் லூயிஸை நம்பவில்லை. அவளை அறியாமலிருப்பதன் வசதியை நம்பினார்கள்.

1992இல் வந்த 'த ஹேண்ட் தட் ராக்ஸ் த கிரேடில்' என்னும் அமெரிக்கத் திரைப்படத்தை ஒப்பிட்டால் வேறுபாடு விளங்கும். அங்கே வரும் ஆயாவுக்குப் பழிவாங்கத் தெளிவான காரணம் இருக்கிறது. இறுதியில் அவள் வீழ்ந்து மடிந்ததும் வீடு மீண்டும் தூய்மையாகிறது. ஐரா லெவினின் 'ரோஸ்மேரிஸ் பேபி' (1967) எவ்வளவோ மேல். கருவுற்றவளை விற்றுவிடுவது அங்கே வெளியாள் அல்லன், கணவனே. அவள் தஞ்சம் புகும் மருத்துவரும் அவளை நம்பாமல் அந்தக் கணவனிடமே ஒப்படைக்கிறார். ஆனாலும் அங்கே சாத்தான் என்றொரு விடை உண்டு. ஸ்லிமானி அத்தகைய விடை எதையும் தருவதில்லை. அமெரிக்கப் பதிப்பாளர்கள் 'குறையற்ற ஆயா' என்று பொருள்படத் தலைப்பிட்டு மீண்டும் அவளை நோக்கியே விரல் நீட்டியிருப்பது வருத்தத்துக்குரியது. 'தாலாட்டு' என்ற பிரிட்டிஷ் பதிப்பின் தலைப்பே மூலத்தின் 'இன்னிசைப் பாட்டு' என்னும் பொருளுக்கு நெருக்கமானது.

குறையும் உண்டு. லூயிஸின் பழைய மருத்துவமனைக் குறிப்பொன்றைக் காட்டி அவள் நோய்க்குப் பெயரிடுவது தேவையற்றது. அவ்வளவு நேரம் நம்மையும் குற்றவாளிக் கூண்டில் நிறுத்திவைத்த ஆசிரியர், அங்கே சற்றே கதவைத் திறந்துவிடுகிறார்.

இறுதி இயலில் பெண் காவல் அதிகாரி ஒருவர் அந்த அடுக்ககத்தில் கொலையை மீண்டும் நிகழ்த்திப் பார்க்க ஆயத்தமாகிறார். லூயிஸாக நடிக்கப்போவது அவரேதான். அவளுடைய இடத்தில் நின்று பார்க்க அவ்வீட்டில் முதன்முதலாக ஒருவர் முன்வருகிறார், அதுவும் வழக்கை முடிப்பதற்காக.