குற்றச் சட்டத்துக்கு ஸ்காட்லாந்து தரும் 'சம்மதம்': மறுத்தால் என்ன ஆகும்?

கிளாஸ்கோவில் போதைப்பொருள் விற்றுச் சேர்த்த பணத்தில் ஒருவன் லண்டனில் வீடு வாங்குகிறான் என்று வைத்துக்கொள்வோம். வழக்கு நடப்பது ஸ்காட்லாந்து நீதிமன்றத்தில். வீடு நிற்பதோ இங்கிலாந்துச் சட்டம் செல்லும் ஊரில். ஒரே நாடு, ஒரே மன்னர். ஆனால் குற்றவியல் சட்டம் மட்டும் வேறு வேறு.

மலேசியாவில் திருடன் ஜொகூரில் பிடிபட்டாலும் பெர்லிஸில் பிடிபட்டாலும் ஒரே தண்டனைச் சட்டம்தான். பிரிட்டனில் அப்படியில்லை. 1707-இல் இங்கிலாந்துடன் இணைந்தபோதே ஸ்காட்லாந்து தன் நீதிமன்றங்களையும் சட்டத்தையும் விட்டுக்கொடுக்கவில்லை. அங்கு குற்ற வழக்கு ஜூரியில் 15 பேர். இங்கிலாந்தில் 12 பேர். இங்கிலாந்தில் 10 வயதுப் பிள்ளைமீது குற்றம் சாட்டலாம். ஸ்காட்லாந்தில் 12 வயது ஆகியிருக்க வேண்டும்.

1999-இல் எடின்பரோவில் ஸ்காட்லாந்து நாடாளுமன்றம் அமைந்தபோது குற்றவியல் சட்டம், போலீஸ், நீதிமன்றம் ஆகியவை பெரும்பாலும் அதன் கைக்கு வந்தன. போதைப்பொருள் தடை, பயங்கரவாதம் போன்றவற்றை லண்டன் தன்னிடமே வைத்துக்கொண்டது. ஆனால் முழு நாட்டுக்கும் சட்டம் இயற்றும் அதிகாரத்தை லண்டன் விட்டுவிடவில்லை. அப்படியானால் எடின்பரோவின் பங்கு என்ன என்ற கேள்வி உடனே எழுந்தது. அதற்கு 1998-லேயே பிரபுக்கள் சபையில் அமைச்சர் சீவெல் பிரபு ஒரு பதில் சொல்லியிருந்தார்: எடின்பரோவுக்குக் கொடுத்த துறைகளில் அதன் சம்மதம் இல்லாமல் லண்டன் 'வழக்கமாக' சட்டம் இயற்றாது. 'சீவெல் மரபு' என்பது இதுதான்.

நடைமுறை எளிது. லண்டன் மசோதாவில் ஸ்காட்லாந்தின் அதிகாரத்தைத் தொடும் பிரிவுகள் இருந்தால், எடின்பரோ அரசாங்கம் ஒரு விளக்கக் குறிப்பைத் தாக்கல் செய்யும். குழு ஒன்று அதை ஆராயும். பிறகு 129 உறுப்பினர் கொண்ட அவையில் தீர்மானம் வாக்கெடுப்புக்கு வரும்.

குற்றச் சட்டங்களில் இந்த வழி நன்றாகவே வேலை செய்திருக்கிறது. 2002-ஆம் ஆண்டின் குற்ற வருமானச் சட்டம் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. எடின்பரோவின் சம்மதத்துடன் லண்டன் அதை இயற்றியது. இங்கிலாந்துக்கும் வேல்ஸுக்கும் ஒரு பகுதி, ஸ்காட்லாந்துக்கு ஒரு பகுதி, வட அயர்லாந்துக்கு ஒரு பகுதி என்று அது பிரித்து எழுதப்பட்டுள்ளது. ஓரிடத்து நீதிமன்றம் முடக்கும் சொத்தை இன்னோரிடத்தில் பிடிக்கவும் அதில் வழி உண்டு. கிளாஸ்கோக்காரனின் லண்டன் வீடு தப்பாது. ஸ்காட்லாந்தில் அப்படிப் பிடித்த பணத்தின் ஒரு பங்கு 2008 முதல் இளைஞர்களின் விளையாட்டு, பயிற்சித் திட்டங்களுக்குப் போகிறது.

மனிதக் கடத்தலில் வேறொரு பாதை. 2015-இல் ஸ்காட்லாந்து தனக்கென ஒரு சட்டம் இயற்றியது. அதே ஆண்டு லண்டன் இயற்றிய நவீன அடிமைத்தனச் சட்டத்தின் ஆணையர் முழு நாட்டுக்கும் பொதுவாக இருக்கச் சம்மதித்தது. தேவையானதைச் சொந்தமாகச் செய்து, எல்லை தாண்டும் விஷயத்தில் மட்டும் கைகோத்தது. இந்த ஏற்பாட்டை இதைவிடச் சரியாகப் பயன்படுத்துவது கடினம்.

ஆனால் சம்மதத்துக்கு ஒரு விலை உண்டு. எடின்பரோ உறுப்பினர்கள் லண்டன் மசோதாவில் ஒரு சொல்லைக்கூடத் திருத்த முடியாது. எந்தப் பிரிவுக்குச் சம்மதம், எதற்கு இல்லை என்று சொல்லலாம், அவ்வளவுதான். சொந்த மசோதா என்றால் பாதிக்கப்பட்டவர்கள், வழக்கறிஞர்கள், போலீஸ் என்று பலரும் குழுவின் முன் வந்து பேசுவார்கள். சம்மதத் தீர்மானத்துக்கு அந்த நேரம் கிடைப்பதில்லை. லண்டனில் கடைசி நேரத்தில் திருத்தம் வந்தால் எடின்பரோவில் துணைக் குறிப்பு அவசரமாக வந்து நிற்கும். ஒருவரைச் சிறைக்கு அனுப்பக்கூடிய சட்டம் இப்படி நிறைவேறுவது சிறிய விஷயமல்ல.

மறுத்தால்? அங்கேதான் சிக்கல். 2016-இல் இந்த மரபு சட்டத்திலேயே எழுதப்பட்டது. 'வழக்கமாக' என்ற சொல்லும் கூடவே வந்தது. 2017 ஜனவரியில் பிரிட்டன் உச்ச நீதிமன்றம், இது அரசியல் மரபு, நீதிமன்றம் இதைக் காக்க முடியாது என்று கூறிவிட்டது. 2018 மே 15-இல் ஐரோப்பிய ஒன்றிய விலகல் மசோதாவுக்கு 93-க்கு 30 என்ற வாக்கில் எடின்பரோ சம்மதம் மறுத்தது. அடுத்த மாதமே அது சட்டமானது. 2020-இல் உள்நாட்டுச் சந்தை மசோதாவுக்கும் அதே கதி. இவை குற்றச் சட்டங்கள் அல்ல. ஆயினும் 'வழக்கமாக' என்ற சொல் எவ்வளவு இளகும் என்பது அப்போது தெரிந்துவிட்டது. அதற்குப் பிறகு எடின்பரோ சொல்லும் ஒவ்வொரு 'சரி'க்கும் முன்பிருந்த எடை இல்லை.

மலேசிய வாசகர்கள் இங்கே ஓர் ஒப்பீடு செய்து பார்க்கலாம். அரசமைப்புச் சட்டத்தின் 76-ஆவது பிரிவின்படி, மாநில விவகாரம் ஒன்றில் ஒரே சீரான சட்டம் வேண்டும் என்று நாடாளுமன்றம் இயற்றினாலும், மாநிலச் சட்டமன்றம் அதை ஏற்கும்வரை அந்த மாநிலத்தில் அது நடப்புக்கு வராது. நிலமும் ஊராட்சியும் மட்டும் இதற்கு விலக்கு. எல்லை மீறினால் நீதிமன்றமும் தலையிடும்: 2024 பிப்ரவரி 9-இல் கூட்டரசு நீதிமன்றம் கிளந்தான் ஷரியா குற்றச் சட்டத்தின் 16 பிரிவுகளை 8-க்கு 1 என்ற பெரும்பான்மையில் செல்லாது என்றது. அங்கே மாநிலம் கூட்டரசின் எல்லைக்குள் போனது. பிரிட்டனில் மையம் பகுதியின் எல்லைக்குள் போகிறது. மலேசியாவில் கோட்டைக் காக்க நீதிமன்றம் இருக்கிறது. பிரிட்டனில் அந்த வேலை அரசியல்வாதிகளின் நாணயத்திடம் விடப்பட்டிருக்கிறது.

இத்தனைக்கும், 2007 முதல் எடின்பரோவை ஆள்வது தனிநாடு கேட்கும் ஸ்காட்லாந்து தேசியக் கட்சி. எதிர்க்கட்சியாக இருந்த காலத்தில் இந்தத் தீர்மானங்களைக் குறைகூறிய அதே கட்சிதான் இன்று குற்ற மசோதாக்களுக்குச் சம்மதம் கேட்டு அவைக்கு வருகிறது. காரணம் எளிது. மறுத்தால் சொந்தச் சட்டம் எழுதி முடிக்க மாதக்கணக்கில் ஆகும். அதுவரை கிளாஸ்கோவுக்கும் லண்டனுக்கும் இடையே ஓர் ஓட்டை திறந்திருக்கும். எல்லை தாண்டத் தெரிந்தவனுக்கு அது போதும்.